தன் படத்தைக் கிழிக்க ஏறிய துர்காதேவி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் கேட்டு நான் முழிக்க வேண்டாம்.

மச்சினன் மகனுக்குப் பெண் அமையவில்லை. திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை வாங்கிப்போனால் அமையும் என்றார்கள். கூட்டிக்கொண்டு போனேன். பையன் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று குனிந்தபடியே பிராகாரம் சுற்றினான். நான் வெளியே வந்து ஈ.சி.ஆர். ஓரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே பெரிய இரும்புச் சட்டம். அதில் ஒரு விளம்பர பிளெக்ஸ் பாதி கிழிந்து, கடல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த பாதியில் ஒரு பெண்ணின் கை தெரிந்தது. கையில் கட்டிங் பிளேயர்.

"இன்னா வெளம்பரம் அது?" என்றேன்.

"கரண்டு ஆபீஸ் வெளம்பரம்" என்றார் இளநீர்க்காரர். "அந்தப் பொண்ணே ஏறி கிழிச்சுது."

"எந்தப் பொண்ணு?"

"படத்துல கீது பாரு, அதேதான்."

"ஏன் பாதியோட வுட்டுச்சு?"

"அதுக்குள்ள காரு வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டு அடுத்த இளநீரைச் சீவப் போய்விட்டார்.

அவ்வளவுதான். யார் கார், எதற்கு வந்தது, பெண் என்ன ஆனாள், எதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்தி கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். ஒரு பெண் தன் முகத்தைத் தானே கிழிக்க ஏறுகிறாள்! பையனுக்குப் பெண் கிடைத்ததோ இல்லையோ, பெருமாள் அன்று என்னைக் கவனித்துவிட்டார். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

இனி வருவது முழுக்க நான் கட்டியது.

2

தொடக்கங்கள்.

"கடற்காற்றில் மின்கம்பிகள் வீணை போல—" அடித்துவிட்டேன். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வீணை வாசிக்காது.

"துர்காதேவி ஒரு சாதாரணப் பெண். ஆனால்—" இந்த 'ஆனால்' வந்தாலே எனக்கு எரிச்சல். சாதாரணப் பெண் எவளையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

"கீழைக்கரை மின் பகிர்மான நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொள்ள முடிவு செய்தபோது—" இது ஆண்டறிக்கை. ஆனாலும் இந்த விஷயம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

[கீழைக்கரை மின் பகிர்மான நிறுவனம் என்று எங்கும் தேடாதீர்கள். நான் வைத்த பெயர். கற்பனையான தப்பைத் தூக்கி நிஜ ஆபீஸ் தலையில் போடுவது அயோக்கியத்தனம்.]

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கரை வரை மின்சாரம் கொடுப்பது அவர்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவேறிய பெயர்ப்பலகை, சுண்ணாம்பு உதிர்ந்த ஆபீஸ், ஜல்லி பரப்பிய சப்-ஸ்டேஷன். திடீரென்று ஒரு நாள் புதுப்பெயர்: 'ஒளிக்கரை'. ஆரஞ்சு நிறம். அலை மேல் ஒரு மின்னல் நிற்கிற முத்திரை. தூரத்திலிருந்து பார்த்தால் வறுத்த வஞ்சிரத்தில் கரண்டியைக் குத்தி வைத்த மாதிரி இருக்கும். டிரான்ஸ்பார்மர் கம்பி வேலி ஆரஞ்சு. ஜீப் ஆரஞ்சு. சப்-ஸ்டேஷன் கழிப்பறைக் கதவும் ஆரஞ்சு. உள்ளே தாழ்ப்பாள் மட்டும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வாசகம்: 'ஒளிக்கரை: நாம் ஒரே குடும்பம்'.

மக்கள் இப்போதும் கரண்டு ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

3

சரி, இதுதான் தொடக்கம். கிடைத்துவிட்டது!

"யக்கா, உன் மூஞ்சி மேல காக்கா ஒக்காந்துகினு கீது" என்றான் கார்த்தி.

அவனும் துர்காதேவியும் ஒரு சின்ன லோடு வண்டியின் பின்னால், கம்பிச் சுருளுக்கும் ஏணிக்கும் நடுவில் உட்கார்ந்து கோவளத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் கோதண்டராமனின் ஆட்கள். கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, புயலில் சாய்ந்ததை நிமிர்த்துவது எல்லாம் இவர்கள் வேலை. துர்காதேவி கண்ணைச் சுருக்கி ரோட்டோர விளம்பரப் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"டேய். நானாடா அது?"

"பின்ன நானா? எனக்கு இவ்ளோ பெரிய மூக்கு கெடையாது."

"இன்னாடா இவ்ளோ செவப்பா கீறேன்?"

"கம்ப்யூட்டர்ல பவுடர் அடிச்சிகிறானுங்க."

"மூக்குத்தி எங்கடா? மூக்குத்திய புடுங்கிட்டானுங்க பாரு."

"அத வுடு. கீழ இன்னா போட்டுகிறான் பாத்தியா? ஒரே குடும்பமாம்."

"எந்தக் குடும்பம்? கம்பெனி பொங்கலுக்கு நமக்குச் சேலை எடுத்துக் குட்த்துச்சா?"

"சேலை இல்லக்கா. சட்டை குட்த்தாங்களே."

"குட்த்துட்டுத் திருப்பி வாங்கிக்கினாங்களேடா!"

வண்டியே குலுங்குகிற மாதிரி இரண்டு பேரும் சிரித்தார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துத் திட்டினான்.

4

அந்தச் சட்டைச் சமாச்சாரம்.

சென்னையிலிருந்து விளம்பரக்காரர்கள் வந்திருந்தார்கள். கம்பத்தின் உச்சியில் ஒளிக்கரைத் தொழிலாளி சிரிக்கிற மாதிரி படம் வேண்டும் என்றார்கள். நிரந்தர லைன்மேன்களைக் கூப்பிட்டுப் புதுச் சட்டையைப் போடச் சொன்னார்கள். மூத்த லைன்மேன் உலகநாதனுக்குப் பொத்தான் மாட்டவில்லை. மாட்டிய இன்னொருவர் முட்டி வலி, ஏற மாட்டேன் என்றார். கேமராக்காரன் சுற்றுமுற்றும் பார்த்தான். சப்-ஸ்டேஷன் மூலையில் ஒரு பெண் கம்பத்திலிருந்து இறங்கி, வீட்டுக்காரனின் பழைய முழுக்கைச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்க ஏறுவீங்களா?"

"தெனம் அதாம்பா பொழப்பு."

புதுச் சட்டை, புது ஹெல்மெட், புது இடுப்பு பெல்ட். பெல்ட்டில் விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை. துர்காதேவி ஏறினாள், சிரித்தாள், கடல் பக்கம் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். இறங்கியதும் சட்டையையும் ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் பெல்ட் இல்லாமல், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கம்பத்தில் ஏறினாள்.

[இந்த இடத்தில் என் வீட்டுக்காரி பூங்கொடி இறால் உரித்துக்கொண்டே கேட்டாள்: "பொம்பளை போஸ்ட்டு ஏறுவாளா? படிக்கிறவங்க நம்புவாங்களா?" நான் சொன்னேன்: "கல்லுக் குவாரியில பொம்பளைங்க சம்மட்டி பிடிச்சதப் பாத்துதான் வளந்தேன். கம்பத்துல ஏறக் கை காலு போதும், மீசை தேவையில்ல." அவள் இறால் கையாலேயே சைகை காட்டி 'சரி, எழுது' என்றாள்.]

5

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

விதிப்படி காண்ட்ராக்ட் ஆள் கம்பத்தில் ஏறக் கூடாது. பள்ளம் தோண்டலாம், கம்பம் சுமக்கலாம், அவ்வளவுதான். நிஜத்தில் எல்லாரும் ஏறுகிறார்கள். ஏறச் சொல்வதும் ஆபீஸ்தான். விழுந்தால்தான் விதி ஞாபகம் வரும்.

போன மழைக்காலம் பொத்தேரி பக்கம் கார்த்தியின் அண்ணன் காசிநாதன் கம்பத்திலிருந்து விழுந்தான். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கம்பெனி எழுதிக் கொடுத்த விளக்கத்தில் அவன் யார் தெரியுமா? 'வழிப்போக்கர்'. வழியே போனவர் ஏதோ ஆர்வத்தில் மின்கம்பத்தில் ஏறிவிட்டாராம்.

"எங்க அண்ணன் பஸ்ஸுக்கு நின்னாக்கூட நெழல் பாத்து நிப்பான்" என்று கார்த்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு கேட்க நன்றாக இருக்காது.

துர்காதேவிக்கு அன்றைக்குப் பிடித்தது பயம். விழுவதில் இல்லை. விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் 'இது யாரு?' என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள் என்கிற பயம். செங்கல்பட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டாள். நான் இந்தக் கம்பெனி ஆள், இவர்கள் சொல்லித்தான் ஏறுகிறேன், அதைச் சொல்லச் சொல்லுங்கள். அவ்வளவுதான் மனு.

கம்பெனி பதில் அனுப்பியது: இந்தப் பெயரில் எவரும் எங்கள் கம்பத்தில் ஏறியதே இல்லை.

அந்த நேரத்தில்தான் அவள் முகம் ஆரஞ்சு ஹெல்மெட்டோடு ஈ.சி.ஆர். முழுக்கத் தெரிகிற மாதிரி எழும்பியது! ஒரே கம்பெனியின் ஒரு கை, இன்னொரு கை செய்வது தெரியாமல், மாட்டிக்கொண்டது. இதை எழுதும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

5 (திருத்தம்)

பூங்கொடி கேட்டாள்: "போன்ல ஒரு போட்டோ எடுத்து ஆபீசர்கிட்ட காட்டினா முடிஞ்சுது. இதுக்குப் போயி ஒரு கதையா?"

சரியான கேள்வி. எடுத்தார்கள். கார்த்தி பலகைக்கு முன்னால் துர்காவை நிற்க வைத்து எடுத்தான். மனுவோடு சேர்த்தும் கொடுத்தார்கள். கம்பெனி வக்கீல் கூசாமல் சொன்னார்: "அது ஏ.ஐ. செய்த படம். அப்படி ஒரு பெண் நிஜத்தில் கிடையாது. பாருங்கள், இவருக்கு மூக்குத்தி இருக்கிறது. படத்தில் இல்லை."

இங்கே எனக்குக் கை நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் அதைத்தானே சொல்கிறேன்? 'இனி வருவது முழுக்க நான் கட்டியது' என்று முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன். வக்கீல் அதைச் சொல்லி ஆளைத் துடைக்கிறார். நான் அதைச் சொல்லி ஆளை நிறுத்தப் பார்க்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நம்புகிறேன். நிரூபிக்கத் தெரியவில்லை.

தொழிலாளர் உதவி ஆய்வாளர் விஷாகா முடிவெடுத்தார்: "நானே நேரில் வருகிறேன். பலகையையும் பார்க்கிறேன், அந்தம்மாவையும் பார்க்கிறேன்." நாள் குறித்தார்.

6

அந்த நாள் காலை. செக்‌ஷன் இன்ஜினியர் சிவராமுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன்.

[சிவராமை முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். கையில் தங்க மோதிரமும் கொடுத்தேன். படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். திருக்கழுக்குன்றத்துக்காரர். அப்பா கோயில் அலுவலகத்தில் கணக்கர். காசிநாதன் விழுந்த பிறகு, சொந்தக் காசில் துர்காவுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தவர். அந்த 'வழிப்போக்கர்' விளக்கத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. இரண்டும் ஒரே மனுஷன்தான். என்னால் பிரிக்க முடியவில்லை.]

"அந்த ஹோர்டிங் மதியத்துக்குள்ள இருக்கக் கூடாது. புரியுதா சிவராம்?"

"சார், அது விளம்பர ஏஜென்சி வேலை. அவங்க ஆள் சென்னையிலேர்ந்து நாளைக்குத்தான்—"

"யாரை வெச்சாவது எடு."

யாரை வைத்து? உலகநாதனுக்கு அன்று பார்த்துப் பேதி. இன்னொரு லைன்மேன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனவர் போனை அணைத்துவிட்டார். விஷயம் அவர்கள் காதுக்கு முன்னாடியே போயிருந்தது. நான் அவர்களைக் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். வராமல் இருப்பதும் ஒருவிதமான ஒத்தாசைதான். சிவராம் கோதண்டராமனுக்குப் போன் போட்டார். கோதண்டராமனிடம் அன்று இருந்த ஆட்கள் இரண்டே பேர்.

விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே வண்டி நின்றது. கோதண்டராமன் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு மேலே கையைக் காட்டினார்.

"இத எறக்கணும்மா."

துர்காதேவி படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அண்ணாத்த, வெள்ளாடுறியா? இன்னைக்கு ஆபீசரம்மா வருது, தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்குத்தான் எறக்கச் சொல்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்? எனக்கும் பில்லு பாஸ் ஆவணும். ஏறலன்னா நாளைலேர்ந்து வராத."

"நான் ஏறி எறக்கறேன், நீ வூட்டுக்குப் போக்கா" என்று கார்த்தி பிளேடு கத்தியை எடுத்தான்.

சிவராம் ஜீப் ஓரம் நின்றுகொண்டு செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். "துர்கா, தப்பா எடுத்துக்காத. மேலேர்ந்து பிரஷர்" என்றார்.

அவள் என்ன செய்வாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அழவைத்துப் பார்த்தேன். நன்றாக அழுதாள், ஆனால் அது வேறு யாரோ. நியாயம் பேச வைத்தேன். மேடையில் பேசுகிறவள் மாதிரி இருந்தது. விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அவளே கார்த்தியின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என் மூஞ்சிய நீ கிழிப்பியா? தள்ளு. ஊரான் கையால கிழிபடறத்துக்கு நானே கிழிச்சிக்கிறேன்."

கோபம்தான். திட்டம் ஒன்றும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், பின்னால் அவள் ஏதோ சாமர்த்தியக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.

7

சட்டத்துக்குப் பக்கத்திலேயே பதினோராயிரம் வோல்ட் லைன் போகிறது. கை நீட்டினால் உயிர் போகும் தூரம். அதனால் லைனை அணைக்க வேண்டும். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. கதை இதில்தான் திரும்பப்போகிறது.

லைனை அணைத்து வாங்குகிற அனுமதிக்கு எல்.சி. என்று பெயர். யார் கேட்டு வாங்கினாரோ அவரேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் மேலதிகாரி வந்து சொன்னாலும் செல்லாது, மந்திரி வந்து சொன்னாலும் செல்லாது. திருப்பிக் கொடுக்கும்போது, மேலே ஏறின ஆளின் பெயரைச் சொல்லி, 'நம்ம ஆள் இன்னார் இறங்கியாச்சு' என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சப்-ஸ்டேஷனில் சுவிட்சைப் போடுவார்கள். எப்போதோ யாரோ, மேலே ஆள் இருப்பது தெரியாமல் சுவிட்சைப் போட்டதால் வந்த வழக்கம். அந்தப் பெயர் சொல்லும் வழக்கத்தை லைன்காரர்கள் சாமி காரியம் மாதிரிக் காப்பாற்றுகிறார்கள்.

வழக்கமாக லைன்மேன்தான் எல்.சி. வாங்குவார். அன்று லைன்மேன் யாரும் இல்லை. காண்ட்ராக்ட் ஆள் கேட்டால் கிடைக்காது. அவசரத்தில் சிவராமே போனை எடுத்தார். சப்-ஸ்டேஷனில் டூட்டியில் இருந்தவர் ரேணுகா.

"ரேணுகா, திருவிடந்தை லைன் எல்.சி. குடுங்க. நான்தான் கேட்கறேன்."

"நீங்களா சார்? சரி. எத்தனை பேரு மேல?"

"நம்ம ஆள் ஒருத்தர்."

"பேரு?"

"அதான் ஒருத்தர்னு சொல்றேன்ல, சீக்கிரம்மா!"

"திருப்பிக் குடுக்கறப்ப பேரு வேணும் சார்."

லைன் செத்தது. கரையோரம் விசிறிகள் நின்றன. துர்காதேவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே பழைய முழுக்கைச் சட்டையோடு ஏறினாள்.

8

அவள் ஏறுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்! குழாயைப் பிடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, ஒரு தடவை கூடக் கீழே பார்க்காமல். உச்சிக்குப் போனதும் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். பிளெக்ஸைக் கட்டியிருந்த கயிறுகளில் ஒன்றை அறுத்தாள். இன்னொன்று. பிளெக்ஸின் ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் திமிறியது. அவளுடைய பெரிய கன்னம் மடங்கி, அவளுடைய சின்ன முழங்கால் மேல் வந்து அறைந்தது.

"யக்கா, உன்ன நீயே அடிச்சிக்கினயே!" என்று கீழே கார்த்தி.

"மூடுடா! சிரிப்பு வந்தா வுழுந்துடுவேன்."

மின்சாரம் போனதால் கோயிலிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். எல்லாம் கல்யாணம் வேண்டி வந்தவர்கள். கழுத்தில் மாலையோடு ஈ.சி.ஆர். ஓரத்தில் வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ரிசார்ட் மேனேஜர் ஒருவர் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு ஓடி வந்தார். ஐஸ் கம்பெனிக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு, "சார், இன்னும் எவ்ளோ நேரம்? மீனெல்லாம் நாறிடும்" என்றார்.

அப்போது கார் வந்தது.

விஷாகா இறங்கினார். குடை எடுக்க மறந்தவர் போலக் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தார். மடங்கிய படத்தில் பாதி முகம். அதற்கு மேலே, கத்தியோடு, முழு முகம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்குத்தி இருக்கு" என்றார், தனக்குத்தானே.

படம் சாட்சி சொல்லாது போலிருக்கிறதே! செவப்புப் பூச்சு, மூக்குத்தி இல்லை, பாதி கிழிசல் வேறு. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் விஷாகா படத்தை விட்டுவிட்டார். சிவராம் பக்கம் திரும்பினார்.

"சார், மேல இருக்கறது யாரு?"

சிவராம் கோதண்டராமன் பக்கம் கையைக் காட்டினார்.

"வந்து... அது காண்ட்ராக்டர்..."

கோதண்டராமன் உடனே பாக்கைத் துப்பினார். "என்ன ஏன் சார் இழுக்கறீங்க? லைன் வேலைக்கு நான் ஆள் குடுக்கறது இல்லன்னு நீங்கதான எழுதி வாங்கினீங்க?"

"அப்ப யாரு ஏறச் சொன்னது?" என்றார் விஷாகா.

"எங்க அண்ணன் மாதிரி வழியில போனவங்களா இருப்பாங்க மேடம்" என்றான் கார்த்தி. மாலைக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

மேலே காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. இதெல்லாம் அவள் காதில் விழுந்தது. அறுக்கிற கை நின்றது. அவள் குழாயின் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"சார்! கேக்குதா? அந்தம்மா கேக்கறாங்க இல்ல. நான் யாருன்னு சொல்லு. சொன்னா எறங்கறேன்."

"துர்கா, மொதல்ல எறங்கும்மா, வெயில் கொளுத்துது—"

"கொளுத்தட்டும். இரும்பு சுடுது, நானும் ஒக்காந்துகினுதான் கீறேன். சொல்லு சார்."

9

முடிவுகள்.

முதலாவது: சிவராம் மனம் மாறி, மார்பு நிமிர்த்தி, 'இவர் எங்கள் தொழிலாளி' என்கிறார். மாலைக்காரர்கள் தங்கள் மாலைகளைக் கழற்றி அவளுக்குப் போடுகிறார்கள். பூங்கொடியிடம் படித்துக் காட்டினேன். "நீயே நம்புறியா இத?" என்றாள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: போலீஸ் வருகிறது. அத்துமீறி ஏறியதாக வழக்கு. அவளை இறக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். இதை எழுதுவது எனக்குச் சுலபம். இந்த மாதிரி நூறு பார்த்தாயிற்று. அதனாலேயே எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்த தோல்வியையே மறுபடி மறுபடி எழுதி, அதற்கு யதார்த்தம் என்று பெயர் வைத்துக்கொள்வது சோம்பேறித்தனம். உழைத்துப் பிழைக்கிற வீட்டில் சோம்பேறிக்குச் சோறு கிடையாது.

மூன்றாவது: அவளுக்கு மயக்கம் வந்து— இல்லை. அவளை நான் விழவைக்க மாட்டேன். அந்த ஒன்றை மட்டும் சத்தியமாகச் செய்ய மாட்டேன்.

"நீ அவள ஏத்திட்ட. எறக்கத் தெரியல உனக்கு" என்றாள் பூங்கொடி.

உண்மை. எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இறக்க வேண்டியது நான் இல்லை.

10

சிவராமின் போன் அடிக்கிறது. தலைமை அலுவலகம். எடுக்கவில்லை. ரிசார்ட் மேனேஜர் காதுக்குள் கத்துகிறார். ஐஸ் கம்பெனிக்காரர் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். மறுபடி போன். இந்தத் தடவை ரேணுகா. சிவராம் பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"சார், கோவளம் வரைக்கும் கரண்ட் இல்லாம எல்லாரும் என்னப் புடுங்கறாங்க. எல்.சி. திருப்பிக் குடுக்கறீங்களா?"

விஷாகா ஒரு அடி பக்கத்தில் வருகிறார்.

"ரேணுகா, நீங்க லைனைப் போடுங்க. எல்லாம் கிளியர்தான்" என்கிறார் சிவராம், தணிந்த குரலில்.

"பேரு சொல்லுங்க சார்."

"பேரு என்னம்மா பேரு? நான் இன்ஜினியர் சொல்றேன்!"

"நீங்க யாரா இருந்தாலும் சார். நம்ம ஆள் இன்னார் எறங்கியாச்சுன்னு சொல்லாம நான் கை வெக்க மாட்டேன். மேல இருக்கறது ஒரு உசுரு."

அவளை இறக்காமல் சொல்ல முடியாது. 'நம்ம ஆள்' என்று சொல்லாமல் அவள் இறங்க மாட்டாள். சொல்லாமல் நின்றால் கரை முழுக்கக் கரண்டு கிடையாது. சொன்னால் விஷாகாவின் காதுபடவே சொன்னதாகிவிடும். படம் பொய் சொல்லலாம். வக்கீல் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இந்தக் கரையில் இதுவரை யாரும் பொய்யாகச் சொன்னதில்லை. சிவராமுக்கும் அது தெரியும். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் மேலே பார்க்கிறார். அவள் கீழே பார்க்கிறாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஏறும்போது கீழே பார்க்காதவள், இப்போது பார்க்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுத மறுக்கிறேன். சிவராம் சொன்னார் என்று எழுதினால், நல்ல கதை என்று சொல்லிவிட்டு விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவீர்கள். சொல்லவில்லை என்று எழுதினால், என்ன உலகம் இது என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அப்போதும் விசிறியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவீர்கள். உங்கள் விசிறி ஓடுகிறதல்லவா? அந்தக் கம்பியை யாரோ ஏறித்தான் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்களா?

அதனால் சிவராமின் கையிலிருந்து போனை வாங்கி உங்களிடம் நீட்டுகிறேன். ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. விஷாகா கேட்டுக்கொண்டிருக்கிறார். கார்த்தி சிரிப்பை நிறுத்திவிட்டான். மேலே இரும்பு கொதிக்கிறது.

"ஹலோ" என்கிறார் ரேணுகா. "யாரு பேசறது? எல்.சி. சார்தான் திருப்பிக் குடுக்கணும். பரவால்ல, பேர மட்டும் யாராயிருந்தாலும் சொல்லுங்க. மேல யாரு?"

சொல்லுங்கள். சத்தமாக. அவளுக்கும் கேட்க வேண்டும்.